நுகர்வோர் கேள்வி-பதில்: உப்பாத மாவு, உருகிய பிளக்

கே: மளிகைக் கடையில் சின்ன பாலித்தீன் கவரில் ஈஸ்ட் வாங்கினேன். மாவு உப்பவே இல்லை. மைதா சரியில்லையா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

ப: மைதாவைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கவரில் பெயர், எடை, பேக் செய்த மாதம், காலாவதித் தேதி ஏதாவது இருந்ததா? பெரிய பாக்கெட்டைப் பிரித்துச் சின்னச் சின்னதாகக் கட்டி, ஸ்டேப்ளர் அடித்து, கடை வாசலில் வெயில் படத் தொங்கவிடுகிறார்கள். ஈஸ்ட் உயிருள்ள பொருள். சூடும் ஈரக்காற்றும் பட்டால் செத்துப்போகும். தேதி போடாமல் பொட்டலம் கட்டி விற்பது சட்டப்படி தவறு. பத்து இருபது ரூபாய் சமாச்சாரம்தானே என்று எல்லோரும் விட்டுவிடுவதால் இந்த வியாபாரம் ஜோராக நடக்கிறது. உங்களுக்குப் போனது ஈஸ்ட் காசு மட்டுமா? மைதா, வெண்ணெய், கரண்ட், அரை நாள் உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் போனது.

மிச்சம் இருந்தால் சோதியுங்கள். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் போடுங்கள். தண்ணீர் 40 டிகிரி போதும், 60 டிகிரியில் ஈஸ்ட் பிழைக்காது. 10 நிமிடத்தில் நுரை கட்டாவிட்டால் கொட்டிவிடுங்கள். இனி சீல் பிரிக்காத, தேதி உள்ள பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 300 கிராம் மைதாவுக்கு 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 6 கிராம் உப்பு, 190 மில்லி தண்ணீர். கத்திரி வெயிலில் மாவு சீக்கிரமே பொங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இரு மடங்கானதா என்று பாருங்கள். விட்டால் புளித்து, ஓவனுக்குள் போனதும் அமுங்கிவிடும்.

கே: சாதாரண மைக்ரோவேவில் பிரட் செய்யலாமா?
– திருவொற்றியூர்

ப: முடியாது. சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கும் கன்வெக்ஷன் வசதி வேண்டும்.

கே: 2000 வாட் ஓடிஜியை (கரண்ட் ஓவன்), பெரிய பின்னைச் சின்ன பாயிண்டில் மாட்டும் கன்வர்ட்டர் போட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினேன். பிளக் உருகிவிட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள்.
– தண்டையார்பேட்டை

ப: சரியாகத்தான் சொல்கிறார்கள். 2000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்டில் மாட்டக்கூடாது என்பதற்காகவே பெரிய பின் வைத்துக் கொடுக்கிறார்கள். அதைக் கன்வர்ட்டரால் ஏமாற்றினால் கம்பெனி என்ன செய்யும்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கேற்ற வயரும் எர்த்தும் போடுங்கள். அதுவரை ஓடிஜியைத் தொடாதீர்கள்.

கே: பன் சுட்டு விற்கலாம் என்று சீட்டுப் பணத்தில் ஓடிஜி வாங்கினேன். 180 வைத்தாலும் மேலே கருகி, உள்ளே மாவாகவே இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர். வாங்கி 12 நாள்தான் ஆகிறது.
– வியாசர்பாடி

ப: அம்மா, அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தட்டை நடு அடுக்குக்கு இறக்குங்கள். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து, 20 நிமிடம் காலியாகச் சூடேற்றிப் படம் எடுங்கள். 10, 15 டிகிரி முன்பின் எல்லா ஓடிஜியிலும் உண்டு. வைத்ததைவிட 40 டிகிரி கூடுதலாக ஏறினால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் கோளாறு. படத்தையும் பில் நகலையும் வைத்து, கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிழைப்புக்கு நீங்களே சுட்டு விற்பதற்காக வாங்கியதால் ‘வியாபாரத்துக்கு வாங்கியது’ என்று உங்களைத் தள்ளிவிடவும் முடியாது. அதை மனுவிலேயே எழுதுங்கள்.

கே: மலிவு பிரட் டின் வாங்கலாமா?
– ராயபுரம்

ப: வேண்டாம். நான் வாங்கிய மெல்லிய தகர டின்னின் மூலை மடிப்பில் துரு ஏறிவிட்டது, பிரட்டின் அடியும் கருகுகிறது. கனமான அலுமினியத்தில் 8-க்கு 4 அங்குலம் வாங்குங்கள். மேலே சொன்ன 300 கிராம் மைதா அளவுக்கு அது சரியாக இருக்கும்.