மார்மன்களின் புனித இடங்களுக்கு மற்ற மதத்துக்காரர்கள் குடும்பத்தோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். மார்மன்கள் என்பவர்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையினர், யூட்டா மாநிலத்தில் அதிகம் இருக்கிறார்கள்.

நீங்கள் யூட்டாவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் கூப்பிட்டிருப்பார்கள். "போனா மதம் மாத்திருவாங்க" என்று ஊரிலிருந்து யாராவது போனில் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'டெம்பிள்' என்று அவர்கள் சொல்லும் ஆலயங்களுக்குள் மட்டும் நாம் போக முடியாது. சபையில் இருந்து, அதற்கென்று அனுமதி அட்டை வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அது. வரலாற்று இடங்கள் அப்படியில்லை, யாரும் போகலாம். இன்னொன்று, மார்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி 2018இல் அவர்களுடைய அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். கேள்வியில் இருப்பதால் நானும் அதையே எழுதுகிறேன். நேரில் பேசும்போது பார்த்துப் பேசுங்கள்.

நாங்கள் போனது வயோமிங்கில் உள்ள மார்ட்டின்ஸ் கோவ். அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். மே மாதமே போவதாக இருந்தோம். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாகிவிட்டது. கிளம்பும் முன்பே பணம் கட்டி எடுத்த இன்சூரன்ஸ், "ஏற்கெனவே இருந்த நோய்" என்று ஒரே வரியில் கையை விரித்துவிட்டது. அப்பாவுக்கு அதற்கு முன் இருந்தது பிரஷர் மட்டும்தான். எழுபது வயதில் பிரஷர் இல்லாத ஆளுக்குத்தான் இன்சூரன்ஸ் என்றால் அதை எதற்காக விற்கிறார்கள்? அந்தக் கடனை இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெற்றோரை அழைத்து வரப்போகிறவர்கள் அந்த ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவை அன்று இரவு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனது பக்கத்து வீட்டு அம்மாதான். என் கணவர் வெளியூரில் இருந்தார். அந்த அம்மாவின் முன்னோர் ஒருவர், அந்தக் காலத்தில் கைவண்டி இழுத்து வந்த மார்ட்டின் குழுவில் நடந்து வந்தவராம். "உடம்பு தேறியதும் உங்கள் அப்பாவை அங்கே அழைத்துப் போகலாமா?" என்று கேட்டார். மறுக்கத் தோன்றவில்லை. ஜூன் கடைசியில் இரண்டு காரில் கிளம்பினோம். சால்ட் லேக்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராலின்ஸ் தாண்டி வடக்கே திரும்பியபின் புதரும் பாறையும் காற்றும்தான்.

அந்த இடத்தின் கதை இது. 1856இல் இந்தச் சபையில் சேர்ந்து இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த ஏழைகளுக்கு மாட்டு வண்டி வாங்கக் காசில்லை. அயோவாவிலிருந்து சால்ட் லேக் வரை கைவண்டி இழுத்தபடி ஆயிரம் மைலுக்கு மேல் நடக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. வண்டிகளைக் காயாத பச்சை மரத்தில் செய்திருந்தார்கள், வறண்ட சமவெளிக்கு வந்ததும் மரம் சுருங்கி அச்சு முறிய ஆரம்பித்துவிட்டது. வில்லி குழுவும் மார்ட்டின் குழுவும் கிளம்பியதே தாமதம். அக்டோபர் 19 அன்று மார்ட்டின் குழு பிளாட் ஆற்றைக் கடைசியாகக் கடந்த நாளிலேயே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. இரண்டு குழுவிலும் சேர்த்து 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள், சம்பளம் வாங்குவதில்லை. எங்களுக்கு வந்த பாட்டி பொறுமையாகப் பேசினார், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வில்லி குழுவில் லீவை சாவேஜ் என்று ஒருவர். வழியில் ஃப்ளாரன்ஸ் என்ற இடத்தில் கூட்டம் போட்டபோது, "இப்போது போகாதீர்கள், கிழவர்களும் குழந்தைகளும் பிழைக்க மாட்டார்கள்" என்று அழுதே சொன்னாராம். யாரும் கேட்கவில்லை. அப்படியானால் நானும் உங்களோடு வருகிறேன், தேவைப்பட்டால் உங்களோடு சாகிறேன் என்று சொல்லிவிட்டு அவரும் நடந்தார். அதற்கு முன்னால் அவர் ஊழியத்துக்காக சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) அனுப்பப்பட்டு, அங்கே போக முடியாமல் பர்மாவில் தங்கியிருந்தவர்.

நான் மொழிபெயர்க்கும் முன்பே அப்பா திரும்பிப் பார்த்தார். "பர்மாவா? பர்மான்னா சொன்னாங்க?"

எங்கள் அப்பத்தா பர்மாவில் பிறந்தவர். அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதினார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஓட ஆரம்பித்த லட்சக்கணக்கான பேரில் அவர்களும் உண்டு. அப்பத்தாவுக்கு ஒன்பது வயது. எல்லையில் இருக்கும் தம்மு ஊர் வழியாக மணிப்பூர் மலையேறி இம்பால், அங்கிருந்து திமாப்பூர், அப்புறம் ரயில். கைக்குழந்தையாக இருந்த தம்பி வழியிலேயே போய்விட்டான். அப்பத்தாவுக்குக் கால் புண்ணாகி நடக்க முடியாமல் போனபோது மலைக்காரர் ஒருவர் இரண்டு நாள் முதுகில் சுமந்து வந்திருக்கிறார். சாகும்வரை அப்பத்தா சொல்லிக்கொண்டிருந்தார், "அந்த மனுசன் பேரக் கேக்காம வந்துட்டமே."

அப்பா இதையெல்லாம் அந்தப் பாட்டியிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் என் அப்பாவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "சுமந்து வந்தவர் பெயர் என்ன?"

அவர்கள் அப்படித்தான். செத்தவர், பிழைத்தவர், காப்பாற்றப் போனவர் எல்லாருடைய பெயரையும் தேடித் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த 1856இல், அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை சால்ட் லேக் கூட்டத்தில் அப்போதைய சபைத் தலைவர் பிரிகாம் யங், வேறு பிரசங்கம் எதுவும் வேண்டாம், வழியில் இருக்கும் கைவண்டிக்காரர்களைக் கூட்டிவர வேண்டும் என்று சொன்னார். 60 ஜோடி கோவேறு கழுதையும் 12 டன் மாவும் கேட்டார். பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே காலுறையையும் உள்பாவாடையையும் கழற்றிக் கொடுத்தார்களாம். 7ஆம் தேதியே முதல் வண்டிகள் கிளம்பிவிட்டன. அங்கே நின்று இதைக் கேட்டபோது என் அம்மா அழுதார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்த நம் சனத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கல்லாவது நட்டிருக்கிறோமா? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் வழிநெடுகக் கூடாரம் போட்டுக் கஞ்சியும் டீயும் கொடுத்திருக்கிறார்கள். அது எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

இதைப் படித்துவிட்டு, மார்மன்களுக்கு விளம்பரம் செய்கிறாயா என்று சிலர் கேட்பீர்கள். செய்யவில்லை. அவ்வளவு தாமதமாகக் கிளம்ப விட்டது தவறு என்று அவர்களில் பலரே சொல்கிறார்கள். பலதார மணமும் தெரியும், 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தரவில்லை என்பதும் தெரியும். எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இன்றும் முருகன்தான் இருக்கிறார். அந்த அம்மா ஒருநாளும் எங்களிடம் மதம் பேசியதில்லை. எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை, எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே கைவண்டிகள் வைத்திருக்கிறார்கள், நாமும் இழுத்துப் பார்க்கலாம். என் பிள்ளைகள் இருவரும் இழுத்தார்கள். அப்பாவும் இழுப்பேன் என்று அடம்பிடித்தார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து எனக்குப் பதறியது. கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு நின்றார். "இதுவாச்சும் வண்டி தாயி. எங்க ஆத்தா வெறுங்காலோட நடந்துச்சு" என்றார்.

நீங்கள் போவதாக இருந்தால் தொப்பியும் தண்ணீரும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், காற்று விடாமல் அடிக்கும். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் புளியோதரை கொண்டுபோனோம், அந்த அம்மாவும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி வந்த மறுநாள் அப்பா என் பெண்ணிடம் ஒரு நோட்டு வாங்கி, அவருடைய ஆத்தா நடந்த கதையைத் தெரிந்தவரைக்கும் எழுதினார். மூன்று பக்கம்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். செத்துப்போன தம்பியின் பெயர், உடன் நடந்த இரண்டு குடும்பத்தின் பெயர்கள், வேலை கொடுத்த செட்டியார் பெயர். அதற்குக் கீழே, 'தம்முவிலிருந்து தூக்கி வந்தவர்' என்று எழுதி, எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறார்.