பைபாஸ் முடிந்து மூச்சு பாதியில் நிற்கிறது: நெஞ்சை உருவிவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பத்து வாரத்துக்கு முன்பு பைபாஸ் செய்தோம். காயம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை என்கிறார். இடது விலா இறுக்கிப் பிடிக்கிறதாம். எங்கள் பக்கத்தில் உருவிவிடும் பெரியவர் ஒருவர், நாலு தடவை தைலம் போட்டு உருவினால் சரியாகிவிடும் என்கிறார். பிசியோதெரபியிலும் கையால்தான் செய்வார்களாமே? யாரிடம் அழைத்துப் போவது? அப்பாவோ தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறியே தீருவேன் என்று நிற்கிறார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அப்பா ராத்திரி எப்படிப் படுக்கிறார்? நீங்கள் நேரில் வந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். ஒரே தலையணையில் மல்லாந்து தூங்குகிறார், ஆழமாக இழுத்தால் மட்டும் விலா பிடிக்கிறது என்றால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்குகிறார் என்றால், யார் கையும் அவர் நெஞ்சில் படுவதற்கு முன் டாக்டர் பார்க்க வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். பைபாஸுக்குப் பிறகு, அதுவும் இடது பக்கம், இது அடிக்கடி வருவதுதான். இதயம் தளர்ந்திருக்கலாம், இரத்தம் குறைந்திருக்கலாம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஆப்பரேஷனில் அடிபட்டு, ஒரு பக்கம் சரியாக அசையாமலும் இருக்கலாம். அது தேற மாதக்கணக்காகும். இதில் எதையும் உருவி எடுக்க முடியாது. ஒரு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன். பெரும்பாலும் இவற்றிலேயே காரணம் தெரிந்துவிடும்.

இவை சரியாக இருந்தால், மிச்சம் விலாக்கூட்டின் இறுக்கம்தான். பைபாஸில் நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்து, விரித்துப் பிடித்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். பெரும்பாலும் இடது நெஞ்சின் உட்சுவரில் ஓடும் இரத்தக் குழாயைப் பிரித்து இதயத்தில் இணைப்பார்கள். அந்தப் பக்கம் மரத்துப்போவதும் இறுகுவதும் அதனால்தான். (காலில் ‘நரம்பு எடுத்தார்கள்’ என்று நம் ஆட்கள் சொல்வதும் இரத்தக் குழாயைத்தான்.) வலிக்குப் பயந்து தோளை முன்னால் வளைத்து, மேல் நெஞ்சால் மட்டும் குட்டிக் குட்டி மூச்சாக எடுத்துப் பழகிவிடுகிறார்கள். வலி போன பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை.

பிசியோதெரபிஸ்ட்டின் கை இங்கேதான் உதவும். கீழ் விலாவில் உள்ளங்கையை வைத்து, “என் கையைத் தள்ளுங்கள்” என்பார். மூச்சு எங்கே போக வேண்டும் என்று அப்பாவுக்கே தெரியும். விலாக்களுக்கு இடையிலுள்ள தசை, முதுகு, தோள், ஆறிய தழும்பின் ஓரம் எல்லாவற்றையும் மெதுவாக இளக்குவார். இறுக்கமும் வலியும் குறையும், மூச்சு எடுப்பது சுலபமாகும். ஆனால் நுரையீரலை விரிக்கப்போவது அப்பா தானே எடுக்கும் மூச்சுதான். கையைக் குவித்து முதுகில் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சளி நிறையக் கட்டியவர்களுக்கு அது. உங்கள் அப்பாவுக்கு அவசியமில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி கொடுத்திருப்பார்களே, அதை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்துப் பாருங்கள். அதில் ஊதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்! உறிஞ்ச வேண்டும். குழாயை உதட்டால் கவ்வி, மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்கும்போது மூன்று விநாடி பிடித்து விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. தலை சுற்றினால் நிறுத்தி இளைப்பாறட்டும். மூன்று பந்தையும் வேகமாக எழுப்புவது சாதனை இல்லை, ஒரு பந்தை நிதானமாக நிறுத்துவதே நல்லது. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும்.

பெரியவரின் உருவல் வேண்டாம். நெஞ்செலும்பு கூடி உறுதிப்பட மூன்று மாதம்கூட ஆகும். பத்தாவது வாரத்தில் அழுத்தி உருவுவது விஷப்பரீட்சை. அப்பா ஆஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அழுத்தும் இடத்தில் உள்ளேயே இரத்தம் கசிந்து கன்றிப்போகலாம். காலை உருவவும் விடாதீர்கள். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இருமும்போது நெஞ்சில் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டாலோ எலும்பு அசைவது போலிருந்தாலோ, பிசியோவும் வேண்டாம், நேரே சர்ஜனிடம் போங்கள்.

திடீரென்று மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, காய்ச்சலோடு காயத்தில் கசிவு: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. திணறலுக்கும் நெஞ்சு வலிக்கும் உடனே 999-ஐ அழையுங்கள்.

பிசியோவுக்கு, ஆப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இதய நோயாளிகளுக்கென்று உடற்பயிற்சி வகுப்பு இருந்தால் இன்னும் நல்லது. வெளியில் போவதானால் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். 2016 சட்டப்படி மலேசியாவில் பிசியோதெரபிஸ்ட் பதிவு செய்திருக்க வேண்டும்.

தண்ணீர்மலை? 500க்கும் மேற்பட்ட படி. முதலில் வீட்டருகில் இரண்டு மாடி, பேசிக்கொண்டே, நிற்காமல் ஏறட்டும். அப்படி ஏற முடிந்தால், அடுத்த முறை இதய டாக்டரைப் பார்க்கும்போது கேளுங்கள். அவர் சரி என்றால் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நின்று நின்று ஏறலாம். பால்குடம் மட்டும் இந்த வருஷம் நீங்கள் எடுங்கள்.