சிப்பிப்பாறை நாய்க்குட்டி வீட்டுக்குள்ள அமைதியா இருக்குமா?

4 மாச சிப்பிப்பாறை குட்டி, அணில பாத்தாலே பாயுது, வீட்ல அடங்குமானு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா அடங்கும். முயல் வேட்டைக்குனே வளர்த்த இனம் இது, மோப்பத்த விட கண்ண நம்பித்தான் வேட்டையாடும், அதனால எது அசைஞ்சாலும் காது நிமிந்து ஒடம்பே விறைச்சிடும். அந்த ஒரு நொடி தான் முக்கியம், பாயுறதுக்கு முன்னாடியே பேர் சொல்லி கூப்பிடுங்க, திரும்பி உங்கள பாத்துச்சுன்னா உடனே ஒரு துண்டு வேகவச்ச ஈரல் குடுங்க. காலைல சுத்துச்சுவர் இருக்குற எடத்துல ஓட விடுங்க. வீட்ல ஒரு பழைய போர்வைய அதோட எடமா பழக்குங்க, சும்மா படுத்திருக்கும்போது சத்தமில்லாம தீனி வைங்க. தயவுசெஞ்சு நாள் முழுக்க சங்கிலில கட்டாதீங்க, எங்க குட்டிய முதல் மாசம் அப்படி கட்டிப்போட்டு தான் குரைப்பும் கடியும் கூடுச்சு, அவுத்துவிட்டு பழக்குன பிறகு இப்ப மதியமெல்லாம் கட்டிலுக்கு அடியில தான் தூக்கம்.