மணி நகையைப் படமெடுக்க ஓர் அட்டைப்பெட்டி

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே மணி நகையும், தீபாவளிக்குச் சாயம் தீட்டிய அகல் விளக்கும் செய்து விற்கிறேன். வாட்ஸாப்பில் போட போனில் எடுத்தால் படம் மஞ்சளடிக்கிறது, பொருளுக்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழுகிறது. கடையில் விற்கும் லைட் பாக்ஸ் கட்டுப்படியாகவில்லை. நானே செய்ய முடியுமா, அண்ணா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், தங்கச்சி.

அதற்கு முன் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். வீட்டில் எரியும் சாதாரண பல்பு 2700 கெல்வின் வாக்கில் இருக்கும். மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். பகல் வெளிச்சம் 5500க்கு மேல், நீலம் சாய்ந்தது. இரண்டும் ஒரே படத்தில் விழுந்தால் எதைச் சரிசெய்வது என்று போன் திணறும். அதனால் ஜன்னல் வெளிச்சம் என்றால் அறை விளக்கை அணையுங்கள். விளக்கு என்றால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். நிழல் கறுப்பாக விழுவதற்குக் காரணம் வேறு: வெளிச்சம் வரும் இடம் சின்னதாக இருப்பது. பக்கத்திலேயே பெரிய வெள்ளைப் பரப்பிலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் கரைந்துவிடும். லைட் பாக்ஸ் செய்வது அந்த வேலையைத்தான்.

40 செ.மீ. அளவில் ஓர் அட்டைப்பெட்டி எடுங்கள். சூப்பர்மார்க்கெட்டில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். திறந்த வாய் உங்களைப் பார்க்கும்படி படுக்க வைத்து, இடம், வலம், மேல் மூன்று பக்கமும் ஓரத்தில் 4 செ.மீ. சட்டம் விட்டு வெட்டி எடுங்கள். அந்த மூன்று ஜன்னல்களிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரோ டிரேசிங் பேப்பரோ ஒட்டுங்கள். மெல்லிய வெள்ளை மல் துணியும் சரி. பழுப்பு நிற பேக்கிங் பேப்பர் வேண்டாம், மறுபடி மஞ்சள்தான். ஏ2 அளவு வெள்ளை சார்ட் ஒன்றைப் பெட்டியின் அகலத்துக்கு வெட்டி, உள்ளே அதன் மேல் ஓரத்தைப் பின்சுவரில் ஒட்டி, மடிக்காமல் வளைத்துத் தரைக்குக் கொண்டு வாருங்கள். மடித்தால் படத்தில் பின்னால் ஒரு கோடு தெரியும். வேலை இவ்வளவுதான்.

வெளிச்சத்துக்கு முதலில் ஜன்னலையே பாருங்கள். இணையத்தில் பலர் "வடக்கு ஜன்னல்" என்பார்கள். அது பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் சொல்வது. டர்பனில் வருஷம் முழுக்க நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். நேர் வெயில் விழாத சீரான வெளிச்சம் தெற்கு ஜன்னலில் கிடைக்கும். டிசம்பர் வாக்கில் மட்டும் அதிகாலையிலும் சாயங்காலத்திலும் தெற்கிலும் கொஞ்சம் சாய்வெயில் எட்டிப் பார்க்கும். மின்வெட்டு வந்தாலும் இந்த வழிக்குக் கவலையில்லை.

ராத்திரியில்தான் கை ஓய்கிறது என்றால் ஒரே கம்பெனி, ஒரே நிறத்தில் இரண்டு 10 வாட் எல்இடி 'டேலைட்' பல்புகளை இரு பக்கமும் வையுங்கள். மேலே மூன்றாவது இருந்தால் நல்லது. டப்பாவில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். மட்டமான பல்பில் சிவப்பு மணி செத்த நிறமாகத் தெரியும். காகிதத்துக்குப் பக்கத்தில் ஹாலஜனோ பழைய குண்டு பல்போ கூடவே கூடாது, தீப்பிடிக்கும்.

இனி போன். பிளாஷை அணையுங்கள். பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் போகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சூரியக் குறி வந்தால் அதைச் சற்று மேலே தள்ளுங்கள். வெள்ளையை அதிகமாகப் பார்த்தால் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிச் சாம்பலடிக்க வைக்கும், அதனால்தான். கிட்டப் போய் எடுத்தால் தோடு கோணலாக உப்பித் தெரியும். கொஞ்சம் விலகி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

அகல் விளக்கு சிரமம் தராது. மணிதான் படுத்தும். கண்ணாடி மணி ஒவ்வொன்றிலும் உங்கள் போனும் நைட்டியும் குட்டியாகத் தெரியும். பெட்டியின் வாயை இன்னொரு வெள்ளைச் சார்ட்டால் மூடி, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுங்கள். நிறமில்லாத மணி வெள்ளைப் பின்னணியில் காணாமல் போனால், படத்துக்குள் விழாத தூரத்தில் இருபுறமும் கறுப்பு அட்டைத் துண்டு ஒவ்வொன்று நிறுத்துங்கள்; மணியின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடி உருவம் எடுப்பாக நிற்கும்.

டிஷ்யூ பேப்பர் நாளாக நாளாகப் பழுத்துவிடும். தீபாவளி ஆர்டர் தொடங்கும் முன் புதுசு ஒட்டிவிடுங்கள்.