ஒட்டுப் போட்ட தரை எஃப்.சி.யில் தேறுமா?

காரின் 15 வருட ஆர்.சி. அடுத்த மாதம் முடிகிறது. டிரைவர் பக்கத் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. தகடு வைத்து வெல்டிங் செய்தால், ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது எஃப்.சி.யில் (வண்டியின் தகுதிச் சோதனையில்) வண்டியை மாற்றிவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்களா?
– வாசகர், காசிமேடு

வேலை ஒழுங்காக இருந்தால் அனுப்பமாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத்தான். இருந்த இடத்தில், இருந்த கனத்தில் தகடு திரும்ப வந்தால் அது ரிப்பேர்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று காரைக் கீழிருந்துதான் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும். ஆகவே கார்பெட்டை முழுதாக எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்னும், அரித்தது 'பொத்' என்னும். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் நான்கையும் விடாதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தால் கண் முதலில் போவது அங்கேதான். இப்போதைய பெரும்பாலான கார்களுக்குத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸ். அந்த நான்கு இடமும் போனால் சேஸ் போன மாதிரி.

டிங்கரிடம் கறாராகச் சொல்லுங்கள். துருவை மூடி ஒட்டக் கூடாது. வெள்ளைத் தகடு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். பழைய தகட்டின் கனத்தை அளந்து அதே கனத்தில் புதுத் தகடு வாங்குங்கள். சி.ஓ.டூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங்தான் வேண்டும். ஆர்க் வைத்தால் மெல்லிய தகடு பொத்துக்கொள்ளும், கேஸ் வைத்தால் சூட்டில் நெளியும். ஒரே இழுப்பில் ஓட்டாமல், இரண்டு செ.மீ. வைத்து, இடம் மாறி, ஆறவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அடியில் ஓடும் பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் ஒதுக்குங்கள். முடிந்ததும் ஜிங்க் பிரைமர், சீலர், அண்டர்கோட் (அடிப்பாகப் பூச்சு). அண்டர்கோட் அடிக்கிறவர் வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார். மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி, அடுத்த வருடமே பழைய கதை. ரிவெட், பட்டி, தார் மூன்றும் வேண்டவே வேண்டாம்.

சேஸ் நம்பர் இருக்கும் தகட்டில் கிரைண்டர் படவே கூடாது. சில கார்களில் அது முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். நம்பர் மங்கினால் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை.

ஆர்.சி. முடிய 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அந்தக் காலம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, வேலையை இன்றே கொடுங்கள்.

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டலாமா? எஃப்.சி.க்கு முன் மாற்றிக்கொள்கிறேன்.
– வாசகர், திருவொற்றியூர்

வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் விறைத்துப்போகும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகும், டயர் மட்கார்டில் உரசும். கேஸ் டார்ச்சில் வெட்டினால் சூடுபட்ட இடத்திலேயே ஒருநாள் முறியும். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் விரைவுச் சாலையில் அதை ஓட்டிப் பார்க்க நினைக்காதீர்கள். அனுமதியில்லாத மாற்றம் பிடிபட்டால் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

முன்னால் மாட்டிய இரும்பு பம்பர்?
– வாசகர், வியாசர்பாடி

கழற்றிவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று அறிவுறுத்திவிட்டது. மோதலின் வேகத்தை நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதிக்குப் பதிலாக, அந்தக் கம்பி அடியை நேராக வண்டியின் சேஸுக்குக் கடத்தும். நடந்து போகிறவர் மேல் பட்டால் இன்னும் மோசம்.