ஈஸ்டருக்கு விற்கும் கலர் கோழிக்குஞ்சைக் குழந்தைக்கு வாங்கித் தரலாமா?

கேள்வி: அமெரிக்கா வந்து எங்களுக்கு இது முதல் ஈஸ்டர். பக்கத்து ஊர்ச் சந்தையில் நீலம், பிங்க், பச்சை என்று கோழிக்குஞ்சு விற்கிறார்கள். மகள் வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள். முட்டைக்குள்ளேயே கலர் ஏற்றிவிடுவதால் குஞ்சுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் விற்பவர். உண்மையா? வாங்கலாமா?

பதில்:

வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பொறுமையாகப் படியுங்கள். நான் கென்டக்கியில் இருக்கிறேன், கொல்லையில் சில வருடங்களாகக் கோழி வளர்க்கிறோம். ஈஸ்டர் முடிந்து ஒரு மாதம் போனால் "இதை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?" என்று அட்டைப் பெட்டியோடு யாராவது வந்து நிற்பார்கள், அதனால் இந்தக் குஞ்சுகள் வாங்கப்பட்ட பிறகு என்ன ஆகின்றன என்பதை ஓரளவு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

விற்பவர் சொன்னது முழுப் பொய் இல்லை. முட்டைக்குள் சாயம் ஏற்றும் முறை நிஜமாகவே இருக்கிறது. கோழி முட்டை பொரிக்க 21 நாள், அதில் பாதி தாண்டியதும் முட்டையின் கூர்முனைப் பக்கத்தைத் துடைத்து, ஊசியால் சின்னதாக ஒரு துளை போட்டு, அரை மில்லி அளவுக்கு உணவுச் சாயத்தை உள்ளே செலுத்தி, மெழுகு வைத்து அடைத்துவிடுவார்கள். வெளியே வரும்போதே குஞ்சு நீலமாகவோ சிவப்பாகவோ வரும். காட்டு வாத்துக் குஞ்சுகளைத் தூரத்திலிருந்து அடையாளம் கண்டு பின்தொடர ஆராய்ச்சியாளர்களும் இதே வழியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுத்தமாக, தெரிந்தவர் கையால் செய்தால் சாயத்தால் மட்டும் குஞ்சுக்குப் பெரிய கெடுதல் வராது. ஆனால் ஓட்டில் துளை போடுவது கிருமிக்குக் கதவு திறந்துவிடுவதுதானே, ஊசியோ கையோ சுத்தமில்லை என்றால் கரு உள்ளேயே அழுகிவிடும், அந்த முட்டைகள் சந்தைக்கு வருவதில்லை, நம் கண்ணில் படுவது பிழைத்து வந்தவை மட்டும்.

இன்னொரு முறை, பொரித்த குஞ்சின் மேல் சாயத்தைத் தெளிப்பது அல்லது சாயத் தண்ணீரில் முக்கி எடுப்பது. இது சுலபம், செலவும் குறைவு. நாற்பது கிராம் எடைகூடத் தேறாத உயிர் அது, அதற்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, முதல் வாரத்தில் சுற்றிலும் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், அதை நனைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குளிரில் விறைக்கும், கண்ணிலும் மூக்கிலும் சாயம் போகும். சந்தையில் பார்க்கும் குஞ்சுக்கு எந்த முறையில் கலர் ஏறியது என்று விற்பவர் வாயால் சொல்வதைத் தவிர நமக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

"வாங்கிய அன்று நன்றாகத்தான் இருந்தது, மூணாம் நாள் செத்துப்போச்சு" என்று நிறையப் பேர் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பொரிப்பதற்குச் சற்று முன்னால் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கையிருப்பில் தீவனமும் தண்ணீரும் இல்லாமலே ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். அமெரிக்கத் தபால் துறை 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளைப் பார்சலில் எடுத்துப்போவதே இதை நம்பித்தான். ஆக, தெளிப்பு, பயணம், கூட்டம், குளிர் எல்லாம் பட்ட குஞ்சும் கடையில் துறுதுறுவென்று நிற்கும். கையிருப்பு தீர்ந்த பிறகுதான் சாயும், அப்போது அது உங்கள் வீட்டில் இருக்கும், உங்கள் மகள் கையில்.

சாயத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது, எந்தக் குஞ்சுக்குச் சாயம் பூசுகிறார்கள் என்பது. முட்டைக்காக வளர்க்கும் ரகங்களில் பெட்டை மட்டுமே பண்ணைக்கு வேண்டும். சேவல் முட்டையிடாது, கறிக்கோழி மாதிரி சதையும் போடாது, எனவே பொரித்த அன்றே பிரித்தெடுத்துக் கொன்றுவிடுகிறார்கள், உலகம் முழுக்க வருடத்துக்கு 700 கோடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைத் தடை செய்துவிட்டது, அங்கே முட்டையிலேயே ஆணா பெண்ணா என்று பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. தடை இல்லாத இடங்களில் இந்தச் சேவல் குஞ்சுகள் மலிவுச் சரக்கு. அதை விற்க ஒரு கவர்ச்சி வேண்டும், அதற்குத்தான் சாயம். நம் ஊரிலும் இதே கதைதான், நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் கழித்துவிடும் சேவல் குஞ்சுகள்தான் சாயத் தண்ணீரில் முங்கி, கூடையில் ஏறி, திருவிழாவுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் கலர் கோழிக்குஞ்சாக வருகின்றன. "எப்படியும் சாகப்போவது, குழந்தை கையில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று இங்கேயும் அங்கேயும் ஒரே நியாயத்தைச் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பசியிலும் குளிரிலும் நாலு நாள் இழுத்துக்கொண்டு சாவது ஒரு உயிருக்கு நாம் காட்டும் தயவாகாது.

சரி, பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சாயம் ஏறியிருப்பது பூந்தூவியில், அதாவது குஞ்சின் மேல் பஞ்சு போல இருக்கும் முதல் தூவியில் மட்டும். முதல் வாரத்திலேயே இறக்கையில் இறகு முளைக்க ஆரம்பிக்கும், நாலைந்து வாரத்தில் தூவி உதிர்ந்து உடம்பு முழுக்க சாதாரண இறகு வந்துவிடும், நடுவில் திட்டுத் திட்டாகப் பாதி நீலம் பாதி வெள்ளையாக நிற்கும். நிறத்துக்காக வாங்கிய குழந்தைக்கு அங்கேயே ஆர்வம் போய்விடும். கோழியோ அப்போதுதான் தின்னவும் கழியவும் பறக்கவும் கற்றுக்கொண்டிருக்கும். நாலைந்து மாதத்தில் விடிவதற்கு முன்பே கூவும். இங்கே பல நகரங்களில் சில பெட்டைகளுக்கு அனுமதி உண்டு, சேவலுக்குக் கிடையாது. விலங்குக் காப்பகங்களும் சேவல் என்றால் தயங்குகின்றன. நாங்களும் ஒரு அளவுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாமல் மறுத்திருக்கிறோம், ஒரு கொட்டிலில் சேவல் அதிகமானால் அவை ஒன்றையொன்று ரத்தம் வரக் கொத்தும், பெட்டைகளின் முதுகு இறகும் போய்விடும்.

நீங்கள் எந்த மாநிலம் என்று சொல்லவில்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, பல மாநிலங்களில் தடை இருக்கிறது. கென்டக்கியில் சாயம் பூசிய குஞ்சை விற்பது மட்டுமல்ல, விற்பனைக்குக் காட்டுவது, வைத்திருப்பதுகூடக் குற்றம், 100 முதல் 500 டாலர் வரை அபராதம். இரண்டு மாதத்துக்குக் குறைவான குஞ்சை ஒரே முறையில் ஆறுக்குக் குறைவாக விற்கவும் கூடாது. ஆறு குஞ்சு வாங்குகிறவர் வளர்க்க வாங்குகிறார், ஒன்று வாங்குகிறவர் பொம்மைக்கு வாங்குகிறார் என்ற கணிப்பில் வந்த விதி, எனக்கு மிகவும் பிடித்த விதி. ஃபுளோரிடாவில் விலங்குகளுக்குச் சாயம் பூச 1967 முதல் இருந்த தடையை 2012-ல் எடுத்தார்கள், அதுவும் நாய்களுக்கு அலங்காரம் செய்யும் ஒருவர் போட்டிக்காக நாய்க்குச் சாயம் பூச அனுமதி கேட்டதால். எதிர்ப்பு கிளம்பி அடுத்த வருடமே தடை திரும்பி வந்தது.

மகளுக்கு வயது ஐந்துக்குள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு, அது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா என்ற கிருமி. பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் தூவியிலும் இருக்கும். வீட்டுக் கோழிகளால் 2020-ல் மட்டும் அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் குஞ்சைத் தொடவே வேண்டாம் என்பது நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. சின்னப் பிள்ளைகள் குஞ்சைக் கன்னத்தோடு சேர்த்துக் கொஞ்சாமல் இருக்க மாட்டார்கள்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் வாங்கிவிட்டீர்கள் என்றால், அதைக் காப்பாற்றப் பாருங்கள். உயரமான பெட்டியில் மரச்சீவல் பரப்பி, ஒரு மூலையில் மட்டும் சூடு விளக்கு வையுங்கள், விளக்கை நன்றாகக் கட்டுங்கள், விழுந்து தீப்பிடிக்கும் சம்பவங்கள் வருடா வருடம் நடக்கின்றன. வாரத்துக்கு மூன்று டிகிரி போலச் சூட்டைக் குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சு விளக்கடியில் ஒடுங்கி நின்று கத்தினால் குளிர்கிறது, விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். கடையில் குஞ்சுகளுக்கென்றே ஸ்டார்ட்டர் தீவனம் கிடைக்கும், அரிசியும் ரொட்டியும் போதாது. முதலில் அலகைத் தண்ணீரில் லேசாகத் தொட்டுக் குடிக்கக் காட்டுங்கள், ஆழமில்லாத பாத்திரம், குஞ்சு மூழ்காமலிருக்க உள்ளே கூழாங்கல். குஞ்சின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், அடைத்துக்கொண்டால் செத்துவிடும். பெட்டி சமையலறைப் பக்கமே வேண்டாம், தொட்டால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அப்புறம், ஒற்றைக் குஞ்சு ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும், அது கூட்டத்தில் வாழும் பறவை. அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர் யாரிடமாவது அதே வயதுக் குஞ்சுகள் இருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே விசாரித்து, அவற்றோடு சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். பெரிய கோழிகளோடு விட்டால் கொத்தியே கொன்றுவிடும், நாள் தள்ளிப் போனால் குஞ்சுகளும் புதிதாக வந்ததைச் சேர்க்காது.