வொறண்டி இருக்கும்போதே வீட்டில் சேர்விஸ்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

உப்புவெளி, 110 சிசி ஸ்கூட்டி: அண்ணா, ஸ்கூட்டி எடுத்து நாலு மாசம். ஒயிலை நானே மாத்தினா வொறண்டி போயிடுமா?

ஒயில் மாற்றியதால் மட்டும் போகாது, தங்கச்சி. கூப்பனைத் தவறவிட்டால்தான் போகும். வொறண்டிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இலவச சேர்விஸ் கூப்பன்கள் இருக்கும். அவற்றை வண்டிக் கம்பனியின் ஏஜென்டிடமே செய்து முத்திரை வாங்குங்கள். கூலிதான் இலவசம், ஒயிலுக்குக் காசு கட்ட வேண்டும். ஒவ்வொரு கூப்பனிலும் ஒரு கிலோமீற்றர் கணக்கும் ஒரு நாள் கணக்கும் போட்டிருப்பார்கள், எது முந்துகிறதோ அதுதான் கெடு. உப்புவெளிக்கும் டவுனுக்குமாக மட்டும் ஓடும் வண்டிக்கு எப்போதும் நாள்தான் முந்தும். மீற்றரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் கூப்பன் காலாவதியாகிவிடும்.

இடையில் நீங்கள் மாற்றும் ஒயிலுக்குப் பில் வைத்திருங்கள். அதில் திகதி, வாகன இலக்கம், ஒயிலின் கிரேட் (போத்தலில் போட்டிருக்கும் தடிப்பு எண்) மூன்றையும் கடைக்காரரைக் கொண்டே எழுதுவியுங்கள். மீற்றர் வாசிப்பைப் படம் எடுங்கள். மெஷினில் அடித்துத் தரும் பில் நம் ஊர் வெயிலுக்குச் சில மாதத்திலேயே வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோகொப்பி எடுத்துவிடுங்கள்.

யூடியூப்பில் ‘வெளியே சேர்விஸ் செய்தால் வொறண்டியை மறுக்கவே முடியாது, சட்டம் இருக்கிறது’ என்று சொல்கிறார்களே, அது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே செல்லாது. இங்கே உங்கள் கையில் இருக்கும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் பேசும்.

உவர்மலை, 150 சிசி மோட்டார் சைக்கிள்: ஒயில் மாத்துறதில என்ன பிழை விட்டா ஏஜென்ட் கைய விரிப்பாங்க?

மூன்று இடத்தில்.

முதலாவது ட்ரெயின் போல்ட், அதாவது என்ஜின் அடியில் ஒயிலை வடிக்கும் போல்ட். என்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ரிங் ஸ்பனரால் கழற்றுங்கள். வாய் திறந்த ஸ்பனர் போல்ட்டின் மூலையைத் தேய்த்துவிடும். பத்து நிமிடம் வடியட்டும். வாசர் புதிது போடுங்கள், பழையது ஏற்கெனவே நசுங்கியது, கசியும். போல்ட்டை முதல் மூன்று நான்கு சுற்று வெறும் விரலால்தான் ஏற்ற வேண்டும். விரலுக்கு இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது, கழற்றித் திரும்பப் போடுங்கள். சிறிய என்ஜின்களில் இறுக்கம் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீற்றருக்குள் வரும், சரியான அளவு புத்தகத்தில் இருக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றெஞ்ச் இல்லாவிட்டால் கராஜில் இரவல் வாங்குங்கள். என்ஜின் அடிப்பகுதி அலுமினியம், போல்ட் இரும்பு. காலால் மிதித்து இறுக்கினால் அலுமினிய மரைதான் உரியும். உரிந்த மரைக்கு எந்தக் கம்பனியும் வொறண்டி தராது.

இரண்டாவது அளவு. புத்தகத்தில் இரண்டு அளவு இருக்கும்: ஒயில் மாற்றும்போது ஒன்று, என்ஜினை முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது முதலாவது, சிறியது. 110 சிசி ஸ்கூட்டிகள் பலவற்றுக்கு 700 முதல் 800 மில்லிலீற்றர் போதும், ஆனால் போத்தல் ஒரு லீற்றராக இருக்கும். மிச்சம் வைப்பானேன் என்று முழுதையும் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். கூடிய ஒயில், என்ஜினின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக எயர் பில்டருக்குப் போய் அதை நனைக்கும், வண்டி இழுக்காது. ஊற்றியபின் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மூன்று நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள். பல வண்டிகளில் அந்தக் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஒயில் பில்டர். சில மொடல்களில் ஒரு பக்கத்தில் ‘அவுட்சைட்’ என்று பொறித்திருக்கும், அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாது, என்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிடும். ஏஜென்ட் மூடியைக் கழற்றியதுமே காரணம் அவர் கண்ணில் படும்.

டொக்யார்ட் வீதி: காருக்குப் போடுற ஒயில் மலிவா இருக்கு. இங்க திருகோணமலையிலேயே கலக்கிற சேர்வோ ஒயிலும் இருக்கு. ஏஜென்ட் தன்ட போத்தல்தான் ஊத்தணும் எண்டு சொல்றார்.

கார் ஒயிலை விடுங்கள். கியர் மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுவது. கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வு குறைக்கும் மருந்து இருக்கும், கிளச் வழுக்கும். போத்தலில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ பார்த்து வாங்குங்கள். ஸ்கூட்டியின் கிளச் ஒயிலுக்கு வெளியே இருப்பதால் அதற்கு ‘எம்பி’.

பிராண்ட் விடயத்தில், புத்தகத்தில் கிரேட்டும் தரமும் மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருந்தும் எந்த ஒயிலும் சரி, சேர்வோவும் சரி. கம்பனி ஒயிலின் பெயரையே எழுதியிருந்தால் வொறண்டி முடியும்வரை அதையே வாங்குங்கள். மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்காக என்ஜின் வழக்கில் வாதாடுவது எனக்குப் புத்தியாகப் படவில்லை.

கிண்ணியா: நானா, பின்னால மீன் பெட்டி கட்டி ஓடுறன். ஆறு மாசத்தில செயின் துரு. கிளெய்ம் பண்ணலாமா?

முடியாது தம்பி. செயின், பிரேக் சூ, டயர் எல்லாம் தேயும் பொருட்கள், துருவையும் பெரும்பாலும் விலக்கி எழுதியிருப்பார்கள். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர்தான் உங்கள் எதிரி, கடற்காற்று அதற்குப் பிறகுதான். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து, குழாய் போட்டுத் தண்ணீரைச் சில்லுக்கு வெளியே விடுங்கள். அன்றன்றைக்கு நல்ல தண்ணீரால் கழுவுங்கள், பிரஷர் பம்பைச் சில்லின் நடுவுக்குப் பிடிக்க வேண்டாம், பெயாரிங்கில் தண்ணீர் இறங்கும். செயினை மண்ணெண்ணெயால் துடைத்து, காய்ந்தபின் 90 கியர் ஒயில் தடவுங்கள். பெற்றோல் வேண்டாம், இணைப்புகளில் றப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினில் அந்த றப்பரைக் கெடுக்கும். செயினின் தொய்வு பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

நிலாவெளி: இரவில புல்மோட்டை ரோட்டில மாடு படுத்திருக்கு. எல்ஈடி லைட் ரெண்டு போடலாமா?

தேவை எனக்கு விளங்குகிறது. ஆனால் வண்டியின் வயர்க்கட்டான வயறிங் ஹார்னஸை வெட்டி ஒட்டினால் மின் பகுதி முழுவதன் வொறண்டியும் கேள்விக்குள்ளாகும். பிறகு ஈசியு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, எரிந்தால் காரணம் அதுவல்ல என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஏஜென்டே விற்கும் லைட் இருந்தால் அவரைக் கொண்டு பூட்டி, அவரின் வேலைச் சீட்டான ஜொப் கார்ட்டில் எழுதுவியுங்கள். இல்லையென்றால் வொறண்டி முடியும்வரை பொறுங்கள். பிறகு போடும்போதும் பெற்றரியிலிருந்து தனி வயர், பியூஸ், ரிலே மூன்றும் வேண்டும்.

சீனக்குடா, ரீகண்டிஷன் ஹைபிரிட் கார்: எனக்கு எது பொருந்தும்?

உங்களுடையது பெரும்பாலும் விற்றவர் கொடுத்த வொறண்டிதான், அவர் எழுத்தில் கொடுத்ததற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நீங்களே செய்யக்கூடிய பெறுமதியான வேலை ஒன்று: பின் சீட்டுப் பக்கம் இருக்கும் ஹைபிரிட் பெற்றரிக் காற்றுத் துவாரத்தின் வலையைச் சுத்தம் செய்வது. கடற்கரை மணலும் தூசியும் அடைத்தால் பெற்றரி சூடாகும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள், அது உயர் வோல்ற்றேஜ்.

பிரதான வீதி: எல்லாம் சரியாச் செய்தும் ஏஜென்ட் மறுத்தா?

எந்தப் பாகம், என்ன காரணம், புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சில் மறுத்தது பேப்பரில் வரும்போது பலமுறை மாறிவிடும். கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். பிறகும் சரிவராவிட்டால், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு பில், கூப்பன், படங்களின் பிரதிகளோடு எழுத்தில் முறையிடுங்கள். அவர்களின் துரித இலக்கம் 1977. மூலப் பத்திரங்களை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.